வெற்றிடத்தை அடுக்குதல்: கோத்தகிரி தேயிலைத் தொழிற்சாலைக் கணினி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோத்தகிரியைச் சுற்றியுள்ள சிறு விவசாயிகளுக்கு மாதத்தில் ஒரு நாள் கணக்கு நாள். தேயிலை வாரியம் அந்த மாதத்துப் பச்சைத் தேயிலையின் சராசரி விலையை அறிவித்த பிறகுதான் தொழிற்சாலைகள் கொழுந்துக் கணக்கை முடிக்க முடியும். விலை தெரியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்; தெரிந்துவிட்டால் அத்தனை பேருக்கும் ஒரே மூச்சில் கணக்குப் போட்டாக வேண்டும். என் அம்மாவும் ஒன்றரை ஏக்கர் கொழுந்தை அப்படியொரு தொழிற்சாலைக்குத்தான் போடுகிறார். 2014 ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்த ஒரு நாள், அந்த அலுவலகத்தின் வாசலில் முப்பது பேர் குடையோடு நின்றார்கள். உள்ளே கணினி ஒரே அறிக்கையை 47 நிமிடம் தயாரித்துக்கொண்டிருந்தது. பாதியில் ஒரு முறை மின்சாரம் போய், முதலிலிருந்து மறுபடியும் தொடங்கியது. அம்மா வீடு வந்து சேர இரவு எட்டு மணி ஆகிவிட்டது.

கணினி பழுதுபார்ப்பதுதான் என் தொழில். மறுநாள் காலையில் நானே போய் நின்றேன். கணக்கு எழுதும் அக்கா பதினைந்து ஆண்டுகளாக அங்கே இருப்பவர். "தம்பி, கரண்ட் போனால் எப்போது வரும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். இது எப்போது முடியும் என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. வெளியில் நிற்கிறவர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது" என்றார். மேலாளர் வேறொரு காரணம் வைத்திருந்தார்: மலையில் காற்று மெலிந்திருப்பதால் ஹார்ட் டிஸ்க் திணறுகிறது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒரு பாதி உண்மைதான். டிஸ்க்கின் படிக்கும் தலை தட்டைத் தொடுவதில்லை, காற்றின் மெல்லிய படலத்தின் மேல் மிதக்கிறது. ஆனால் டிஸ்க் தயாரிப்பாளர்கள் பொதுவாக 10,000 அடி, அதாவது 3,048 மீட்டர் உயரம்வரை அதற்கு உத்தரவாதம் தருகிறார்கள். தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். கோத்தகிரிக் காற்றின் மேல் பழி போட வழியில்லை.

கணினியின் நிலை இது. விண்டோஸ் 7, 2 ஜிபி நினைவகம், நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் 500 ஜிபி டிஸ்க் ஒன்று. அதை சி, டி என இரண்டாகப் பிரித்திருந்தார்கள். டி பகுதியில் 365 ஜிபி. அதில் காலியாக இருந்தது 52 ஜிபி. கணக்கு மென்பொருள் கோயம்புத்தூரில் ஒருவர் விஷுவல் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மொழியில் எழுதிக் கொடுத்தது. ஒன்பது ஆண்டுக் கொழுந்து ரசீதுகள் ஒரே கோப்பில், 1.2 ஜிபி. ஃபாக்ஸ்புரோ அட்டவணை 2 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் அதற்கும் ஒரு கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அதே டி பகுதியில் நான்கு கண்காணிப்புக் கேமராக்களின் பதிவும் ஓடிக்கொண்டிருந்தது. முப்பது நாள் பதிவை வைத்துக்கொண்டு, பழையதை அழித்துப் புதியதை எழுதும் ஏற்பாடு.

முதலில் டிஸ்க்கின் சுயபரிசோதனை விவரங்களைப் பார்த்தேன். பழுதான பகுதி ஒன்றும் இல்லை. பிறகு ரசீதுக் கோப்பு டிஸ்க்கில் ஒரே இடத்தில் இல்லாமல் எத்தனை துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது என்று சிஸ்இன்டர்னல்ஸின் காண்டிக் கருவியைக் கேட்டேன். பதில் 38,000க்கு மேல்.

இங்கே ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது. 7,200 சுற்று டிஸ்க்கில் தட்டு அரைச் சுற்று வர 4.17 மில்லிவிநாடி ஆகும். தலை ஒரு தடத்தை விட்டு இன்னொரு தடத்துக்குப் போகச் சராசரியாக 9 மில்லிவிநாடி. ஆக ஒரு தாவலுக்கு 13. 38,000 துண்டுக்கு 494 விநாடி, அதாவது எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். அதே கோப்பு ஒரே துண்டாக இருந்தால், விநாடிக்கு 100 எம்பி வேகத்தில், 12 விநாடியில் படித்து முடித்துவிடலாம். கணக்கு முடிக்கும்போது மென்பொருள் இந்தக் கோப்பை முழுக்க ஐந்து முறை படிக்கிறது: எடைக்கு ஒரு முறை, ஈரக் கழிவுக்கு ஒரு முறை, முன்பணத்துக்கு, உரக் கடனுக்கு, கடைசியில் ரசீது அச்சுக்கு. ஐயெட்டு நாற்பது. மீதி ஏழு நிமிடம் உண்மையிலேயே கணக்கு போடுவதற்கும் அச்சடிப்பதற்கும் ஆவது. அறிக்கை ஓடும்போது கணினிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தால் இது கைக்கே தெரியும். கொழுந்துச் சருகை நசுக்குவதுபோல ஓயாத கரகரப்பு.

விண்டோஸ் 7 தானாகவே டிஃப்ராக் செய்யுமே, அதாவது சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்க்குமே என்று கேட்கலாம். செய்யும், புதன்கிழமை நள்ளிரவு 1 மணிக்கு. விட்டுப்போனால் கணினி ஓய்வாக இருக்கும் வேளையில் செய்ய முயலும். இந்த அலுவலகத்தில் இரவில் கணினி அணைந்திருக்கும், பகலில் கேமராப் பதிவு டிஸ்க்கை ஓயவே விடாது. இத்தனை நாளில் எத்தனை முறை அது முழுமையாக ஓடியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். கையில் இருந்த டிஃப்ராக் மென்பொருளில் "முழு ஒழுங்கு, பெயர் வரிசை" என்பதைத் தேர்ந்தெடுத்து, சனி இரவு ஓடவிட்டேன். நடுவில் மின்சாரம் போனால் கணக்கு அழிந்துவிடுமோ என்று அக்கா பயந்தார். அந்தப் பயம் வேண்டாம் என்று விளக்கினேன். 1996இல் வந்த விண்டோஸ் என்டி 4.0 முதலே இப்படிப்பட்ட மென்பொருள்கள் டிஸ்க்கை நேரடியாகத் தொடுவதில்லை. "இந்தத் துண்டை அங்கே வை" என்று விண்டோஸிடம் கேட்கின்றன. விண்டோஸ் முதலில் புது இடத்தில் நகலெடுத்த பிறகே விலாசத்தை மாற்றுகிறது. ஞாயிறு காலையில் திரையில் சிதறலைக் காட்டும் சிவப்புக் கட்டம் ஒன்றுகூட இல்லை. துண்டுகள் சுழியம். அறிக்கை 8 நிமிடத்தில் வந்தது. அக்கா அன்று எனக்குத் தேநீரோடு வருக்கியும் வாங்கித் தந்தார்.

ஆனால் அடுத்த கணக்கு நாளில் மறுபடியும் 23 நிமிடம்.

எனக்கு அது பெரிய புதிராக இருந்தது. ஒரு மாதத்தில் சேரும் ரசீதுகள் எவ்வளவு? நாளுக்குச் சுமார் 300 கேபி. அது முழுவதும் சிதறினாலும் இரண்டாயிரம் துண்டைத் தாண்டாது. இரண்டு நிமிடம் கூடலாம், அவ்வளவுதான். காண்டிக் 14,000 துண்டு என்றது. டிஃப்ராக் மென்பொருளின் வரைபடத்தைத் திறந்து, போன மாதம் ரசீதுக் கோப்பு இருந்த இடத்தைத் தேடினேன். அங்கே ஒரு வெள்ளைப் பட்டை. அளந்து வெட்டியதுபோல ஏறத்தாழ 1.2 ஜிபிக்கு ஒன்றுமே இல்லை. அதன் ஒரு முனையில் கேமராப் பதிவின் நீலக் கட்டங்கள் அப்போதுதான் நுழையத் தொடங்கியிருந்தன. கோப்பு வேறெங்கோ, டிஸ்க்கின் பின்பாதி முழுக்க அரிசி இறைத்ததுபோலக் கிடந்தது.

அக்காவிடம் கேட்டேன்: "கணக்கு முடிப்பதற்கு முன்னால் வேறு ஏதாவது செய்கிறீர்களா?"

"ரத்தான ரசீதுகளை நீக்க ஒரு பொத்தான் இருக்கிறது, தம்பி. மாதா மாதம் அதை அழுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்."

முடிச்சு அவிழ்ந்துவிட்டது. ஃபாக்ஸ்புரோவில் அந்த வேலைக்கு 'பேக்' என்ற கட்டளை உண்டு. அது நீக்க வேண்டிய வரிகளை விட்டுவிட்டு மற்றவற்றைப் புதுக் கோப்பில் எழுதி, பழையதை அழித்து, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டும். பெயர் அதேதான், கோப்பு புதியது. நான் இரவெல்லாம் ஓடவிட்டு முன்வரிசையில் உட்காரவைத்த கோப்பு, கணக்கு நாள் காலையிலேயே அழிந்துபோயிருக்கிறது. புதியது எங்கே போய் உட்காரும்? வெற்றிடம் எங்கே இருக்கிறதோ அங்கே. அந்த முப்பது நாளில் கேமரா தன் பதிவு முழுவதையும் ஒரு சுற்று மாற்றி எழுதியிருந்தது. நான்கு கேமராவும் ஒரே நேரத்தில் எழுதுவதால் அவற்றின் கோப்புகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். பழையதை அழிக்கும்போது சின்னச் சின்னக் குழிகளாக இடம் விடும். விண்டோஸின் டிஃப்ராகைக் கட்டளைச் சாளரத்தில் விரிவான அறிக்கை கேட்டால் மிகப் பெரிய வெற்றிடத்தின் அளவையும் சொல்லும். டி பகுதியில் மொத்த வெற்றிடம் 52 ஜிபி. பழைய கோப்பு அழிந்த பிறகு உண்டான அந்த வெள்ளைப் பட்டையை விட்டால், தொடர்ச்சியாக இருந்த மிகப் பெரிய வெற்றிடம் 310 எம்பி. புதுக் கோப்பு எழுதப்பட்ட நேரத்தில், 1.2 ஜிபியை முழுசாக இறக்கிவைக்க அந்த டிஸ்க்கில் ஓரிடம்கூட இல்லை.

இந்த ஆய்வில் நான் கற்றது முழுக்க இந்த ஒரு வரியில்தான் இருந்தது. நாம் எல்லோரும் கோப்பை அடுக்குவதைப் பற்றியே பேசுகிறோம். மாதா மாதம் புதிதாகப் பிறக்கும் கோப்புக்கு அது உதவாது. அது பிறப்பதற்கு முன்னால் வெற்றிடத்தை அடுக்கிவைக்க வேண்டும். பிரசவ நாள் தெரிந்த வீட்டில் அறையை ஒழித்து வைப்பதுபோல.

இன்னொரு சேதமும் அப்போதுதான் தெரிந்தது. யாரோ முன்யோசனையோடு டி பகுதிக்கும் முந்தைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதியைப் போட்டுவைத்திருந்தார்கள். என் முழு ஒழுங்கு அவற்றை அழித்துவிட்டது. டிஸ்க்கில் இடத்தை ஒதுக்கும் சிறு அலகுக்குக் கிளஸ்டர் என்று பெயர். அது 4 கேபியாக உள்ள டிஸ்க்கில், இடம் மாற்றுவதையும் அந்த வசதி உள்ளடக்கம் மாறியதாகவே எடுத்துக்கொள்ளும். பழைய நகல்களைக் காக்க இடம் போதாமல் ஒவ்வொன்றாகக் கைவிடும். 16 கேபியோ அதற்கு மேலோ கிளஸ்டர் வைக்கும்படி மைக்ரோசாஃப்ட் சொல்வது இதற்காகத்தான். அக்கா வாராவாரம் பென் டிரைவில் நகல் எடுக்கும் வழக்கம் உள்ளவர் என்பதால் கணக்கு எதுவும் போகவில்லை. ஆனால் ஓடத் தொடங்கும் முன் அந்த மென்பொருள் ஒரு வரி எச்சரித்திருக்க வேண்டும். இதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

இரண்டாவது முறை நிதானமாகச் செய்தேன். கோப்புகளை மண்டலம் மண்டலமாகப் பிரிக்கும் யோசனை ஜேகேடிஃப்ராக் என்ற இன்னொரு டிஃப்ராக் மென்பொருளில் உண்டு: முதலில் ஃபோல்டர்கள், பிறகு சாதாரணக் கோப்புகள், கடைசியில் இடத்தை அடைக்கும் பெரிய கோப்புகள். அதன் வழிவந்த மைடிஃப்ராகில் எது எங்கே போக வேண்டும், எங்கே இடைவெளி வேண்டும் என்று நாமே கட்டளை எழுதலாம். ரசீதுக் கோப்புக்குப் பின்னால் 2 ஜிபி இடைவெளி விட்டுப் பார்த்தேன். இரண்டு நாளில் கேமரா அதற்குள் நுழைந்துவிட்டது. மென்பொருள் விட்டுவைக்கும் இடைவெளி யாருக்கும் சொந்தமில்லை. அடுத்து எழுத வரும் கோப்புக்கு விண்டோஸ் அதைத் தாராளமாகக் கொடுத்துவிடும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் வழக்கம், விண்டோஸ் கோப்புகளை டிஸ்க்கில் வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ்ஸில் இல்லை.

எனவே சுவர் எழுப்பினேன். டி பகுதியின் கடைசியில் இருந்த கோப்புகளை டிஃப்ராக் மூலம் முன்னால் தள்ளிவிட்டு, கடைசி 20 ஜிபியை வெட்டி, 16 கேபி கிளஸ்டரோடு கணக்குக்கென்றே தனிப் பகுதி ஆக்கினேன். இதில் ஒரு விலை உண்டு. டிஸ்க்கின் முற்பகுதி தட்டின் வெளிவிளிம்பில் இருக்கும். ஒரு சுற்றில் அதிகத் தரவு கடக்கும். கடைசிப் பகுதி உள்விளிம்பு; வேகம் ஏறக்குறைய பாதி. 12 விநாடியில் படிப்பதை 24 விநாடியில் படிக்கும். ஐந்து முறைக்கும் சேர்த்து ஒரு நிமிடம் கூடுதல். டிஃப்ராக் பற்றிப் பேசுகிறவர்கள் வெளிவிளிம்பைப் பெரிய வரமாகச் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இந்தக் கணினியில் வெளிவிளிம்பின் மதிப்பு ஒரு நிமிடம். சுவரின் மதிப்பு பதினான்கு நிமிடம். அடுத்த கணக்கு நாளில் 'பேக்' முடிந்த பிறகு கோப்பு 40 துண்டுக்குள் இருந்தது, அறிக்கை 9 நிமிடத்தில் வந்தது. நாற்பதைச் சுழியமாக்க நான் கை வைக்கவில்லை. ஒரு தாவலின் 13 மில்லிவிநாடியில் டிஸ்க் 1.3 எம்பி படித்துவிடும்; துண்டுகள் அதைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால் தாவலின் பாரமே தெரியாது. விஸ்டா முதல் விண்டோஸின் டிஃப்ராக் 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளைக் கண்டுகொள்ளாததற்கும் இதுவே காரணம். அதைக் குறையாகச் சொல்பவர்கள் இந்த வகுத்தலை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகு, நான் முதலில் பயன்படுத்திய மென்பொருளின் தயாரிப்பாளர்களுக்கு என்னென்ன வசதி வேண்டும் என்று எழுதினேன். முதல் வேண்டுகோள், மிகப் பெரிய வெற்றிடம் எவ்வளவு என்பதைத் துண்டு எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே காட்டுங்கள். "28ஆம் தேதிக்குள் 3 ஜிபி தொடர் வெற்றிடம் தேவை" என்று பயனர் சொல்ல வழி கொடுங்கள். இரண்டாவது, கோப்பின் இருப்பிடத்தை ஒரு முறை செய்து மறந்துவிடும் செயலாக வைக்காமல், பெயரோடு ஒட்டிய விதியாக வையுங்கள். அந்தப் பெயரில் புதுக் கோப்பு பிறந்தால் அதை மட்டும் எடுத்து உரிய இடத்தில் வைத்தால் போதும், 365 ஜிபியைக் கலைக்க வேண்டாம். மூன்றாவதாக நான் கேட்டது புதுமையே இல்லை. டாஸ் காலத்து நார்ட்டன் ஸ்பீட் டிஸ்கில் முதலில் வைக்க வேண்டிய கோப்புகளின் பட்டியலையும் நகர்த்தக் கூடாதவற்றின் பட்டியலையும் பயனரே கொடுக்க முடிந்தது. 1993இல் எம்எஸ்-டாஸ் 6 உடன் வந்த டிஃப்ராகே, கோப்புகளை மட்டும் ஒட்டுவதா, குழிகளையும் மூடுவதா என்று கேட்டது. அன்று பயனரிடம் கேட்டதை இன்று ஏன் கேட்பதில்லை?

கடைசியாகப் பயன்பாட்டைப் பற்றி ஒன்று. அந்த மென்பொருளில் "நெடுநாள் திறக்காதவை பின்னால்" என்று ஒரு தேர்வு இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விஸ்டாவிலும் விண்டோஸ் 7இலும் கோப்பைக் கடைசியாகத் திறந்த தேதி இயல்பாகக் குறித்துவைக்கப்படுவதில்லை. அக்கா தினமும் காலையில் திறக்கும் கணக்கு மென்பொருளின் தேதியைப் பார்த்தேன். அதை நிறுவிய நாளே நின்றது. இந்தத் தேதியை நம்பி அடுக்கினால், அலுவலகத்தில் அதிகம் உழைக்கும் கோப்புதான் முதலில் பின்வரிசைக்குப் போகும். எக்ஸ்பி காலத்திலிருந்தே விண்டோஸ் தொடங்கும்போது படிக்கப்படும் கோப்புகளை லேஅவுட் என்ற பட்டியலில் குறித்துவைத்து, அதன்படி அடுக்குகிறது. அதுபோல உண்மையான பயன்பாட்டைக் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் அந்தத் தேர்வை எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. கோப்புக்குப் பின்னால் இடத்தை ஒதுக்கிவைக்க விண்டோஸ் வழி தருவதில்லை, அதனால் இயலாது, இது நியாயம். விதி பற்றிய யோசனையைக் குறித்துக்கொண்டதாகச் சொன்னார்கள். மிகப் பெரிய வெற்றிடத்தின் அளவு மட்டும் அடுத்த பதிப்பின் அறிக்கையில் ஒரு வரியாக வந்தது. அந்த ஒரு வரி முன்பே இருந்திருந்தால் நான் ஒரு மாதம் இருட்டில் தேடியிருக்க மாட்டேன்.

எல்லாவற்றிலும் பலன் தந்த வேண்டுகோள் கோயம்புத்தூருக்குப் போனது. கணக்கு மென்பொருளை எழுதியவரைப் போனில் அழைத்து, ஒன்பது ஆண்டு ரசீதை ஏன் மாதா மாதம் ஐந்து முறை படிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "தொடங்கும்போது இருநூறு விவசாயிகள்தான் சார். இவ்வளவு வளரும் என்று நினைக்கவில்லை" என்றார். 2015 ஏப்ரலில், புது நிதியாண்டுக் கணக்கு தொடங்கும்போது, பழைய ஆண்டுகளைத் தனிக் கோப்பாகப் பிரித்துக் கொடுத்தார். அந்தக் கோப்பு இனி மாறாது. அதை டி பகுதியின் பின்கோடியில் ஒரே துண்டாக வைத்தேன். கேமராவுக்குத் தனி டிஸ்க்கைத் தொழிற்சாலை தை மாதமே வாங்கியிருந்தது.

புதுக் கோப்போடு நடந்த முதல் கணக்கு நாளில் அறிக்கை 4 நிமிடத்தில் அச்சுக்குப் போனது. அம்மா பணத்தை வாங்கிக்கொண்டு பகல் பஸ்ஸிலேயே வீடு திரும்பிவிட்டார்.